யாருடைய எடை கண்ணில் படுகிறது? மும்பையின் மூன்று பகுதிகள், ஒரு வரலாறு

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. துறைமுகத்தை அடுத்த நெரிசலான குடியிருப்புகளில் தொடங்கிய நோய் விரைவிலேயே நகரம் முழுவதும் பரவியது. மக்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறினர். ஆலைகளும் துறைமுகமும் முடங்கிவிடும் என்று அஞ்சிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. நெரிசலை உடைத்து அகலமான சாலைகள் அமைப்பதும், காற்றும் வெளிச்சமும் புகும் புதிய குடியிருப்புகளை வடக்கே உருவாக்குவதும் அதன் பணிகள்.

இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் மிகை எடையைப் பற்றிப் பேசப் புகுந்து, ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முந்தைய கொள்ளைநோயில் தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பதின்பருவத்தில் எடை கூடிய எந்தப் பிள்ளைக்கும் மருத்துவர் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: எண்ணெயையும் இனிப்பையும் குறை, காய்கறியும் பருப்பும் சேர், நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடு, நேரத்தோடு உறங்கு, அவ்வப்போது எடை பார். இதைப் பின்பற்ற ஓடுவதற்கு இடம் வேண்டும், சமைப்பதற்கு நேரம் வேண்டும், தேர்ந்தெடுத்து வாங்கப் பணம் வேண்டும், அளந்து பொருள் சொல்ல ஒருவர் வேண்டும். இந்த நான்கும் மும்பையில் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த வரலாறு தெளிவாகத் தெரியும்.

1. நிலம்

டிரஸ்டின் வடபகுதித் திட்டங்களில் தாதர்–மாட்டுங்கா திட்டம் முதன்மையானது. வீடுகளுக்கு இடையே விடவேண்டிய வெளி, கட்டடங்களின் உயரம், சாலைகளின் அகலம், பூங்காக்களுக்கான நிலம் ஆகியவை வீடு எழும்புவதற்கு முன்பே வரையறுக்கப்பட்டன. ஃபைவ் கார்டன்ஸ் என்று இன்றும் வழங்கும் ஐந்து பூங்காக்கள் அந்த வரைபடத்தின் கொடை. அலுவலக எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் தட்டெழுத்தாளர்களாகவும் வந்த தென்னிந்தியர்கள், பெரும்பாலும் பிராமணர்கள், அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பஜனை சமாஜமும் ஜிம்கானாவும் இசைக் கச்சேரிகளும் உடுப்பி உணவகங்களும் அதைச் சூழ்ந்து வளர்ந்தன. மாட்டுங்காவின் பிள்ளைக்கு நடப்பதற்கு நடைபாதையும் ஓடுவதற்குப் பூங்காவும் பிறக்கும் முன்பே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அதே காலத்தில், நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் வடக்கே தள்ளப்பட்டன. தோல் பதனிடும் தொழில் மாஹிம் சிற்றோடையை ஒட்டிய சதுப்பு நிலத்தில், கோலி மீனவர்களின் பழைய ஊரான தாராவியில் வந்து அமர்ந்தது. பாந்த்ராவின் இறைச்சிக் கூடம் அருகில் இருந்தது; அதன் தோல்களைப் பதப்படுத்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தனர். 1887இல் எழுந்த பெரிய மசூதியும் 1913இல் தமிழர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் காலத்தைச் சொல்கின்றன. தாராவிக்கு வரைபடம் போட்டவர் எவருமில்லை. சதுப்பை மண்ணாலும் குப்பையாலும் தாங்களே நிரப்பி, நிரப்பிய இடத்தில் மக்கள் குடிசை போட்டனர். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்த நிலத்தில் இன்று வாழ்வோரின் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் பல லட்சங்களில் தொடங்கிப் பத்து லட்சம் வரை செல்கின்றன. மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிப்பது ஒரு ரயில் பாதைதான். அதன் மேற்குப் பக்கத்தில், தாராவியை ஒட்டி, ‘மாட்டுங்கா லேபர் கேம்ப்’ என்ற தொழிலாளர் குடியிருப்பு உள்ளது. பெயரில் மாட்டுங்கா வந்தது, பூங்காக்கள் வரவில்லை.

செம்பூரின் கதை இரண்டு முகம் கொண்டது. தோட்டப் புறநகராகத் திட்டமிடப்பட்ட ஊர் அது. மாட்டுங்காவில் இடம் போதாத தென்னிந்தியக் குடும்பங்கள் பின்னர் நாடிச் சென்றதும் அங்கேதான். ஆனால் 1927 முதலே அதன் கிழக்கே தேவ்னார் குப்பைக் கிடங்கு இயங்கியது. 1947க்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. பிறகு உரத் தொழிற்சாலை. 1971இல் நகரத்தின் இறைச்சிக் கூடமும் தேவ்னாருக்குப் பெயர்ந்தது. நகரின் பிற பகுதிகளில் சாலைக்காகவும் ரயிலுக்காகவும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாஷி நாகா, மாஹுல், கோவண்டி, மான்கூர்டு என்று அந்தக் கிழக்கு விளிம்பிலேயே குவிக்கப்பட்டன. இசைச் சபையும் முருகன் கோயிலும் நிழல்தரும் தெருக்களும் ஒரு செம்பூர். ஆலைப் புகையில் கதவு திறக்கும் அடுக்ககங்கள் இன்னொரு செம்பூர்.

மும்பை முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் தலைக்கு ஒரு சதுர மீட்டரைச் சற்று மிஞ்சிய திறந்தவெளியே உள்ளது என்று திட்டமிடுவோர் கூறுவர். சராசரி எப்போதும் இரண்டு பக்கத்தையும் மறைக்கும். ஃபைவ் கார்டன்ஸின் நிழலில் வளரும் பிள்ளையும் தாராவியின் சந்தில் வளரும் பிள்ளையும் அந்த ஒரே எண்ணுக்குள் நிற்கின்றனர்.

2. பொதுச் சுகாதாரத்தின் கண்

நிலத்தைப் போலவே அரசின் பார்வைக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் பள்ளி மருத்துவப் பரிசோதனை 1909இல் பரோடாவில் தொடங்கியது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வடமேற்கின் கோதுமையும் பாலும் கொண்ட உணவில் எலிகள் செழித்ததையும், அரிசியை மட்டுமே நம்பிய சென்னை மாகாண உணவில் அவை நலிந்ததையும் காட்டினார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணைப்படுத்தினார். 1943இல் வங்கம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1960இல் அமைக்கப்பட்ட ரேணுகா ராய் குழு பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டக்குறையைப் பெருங்கவலையாக முன்வைத்தது. ஏழைப் பிள்ளை என்றால் மெலிந்த பிள்ளை என்ற சமன்பாடு அந்த அரை நூற்றாண்டில் உறுதிப்பட்டது. அன்று அது பிழையும் அன்று.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் தாராவியும் ஒன்று. ஆக, இந்தியாவில் மிக நீண்ட காலமாக எடை பார்க்கப்பட்டுவரும் குழந்தைகளில் தாராவியின் குழந்தைகளும் அடங்குவர். அங்கன்வாடியின் தராசில் அவர்கள் மாதந்தோறும் ஏறி இறங்குகின்றனர். அருகிலுள்ள சயான் மருத்துவமனையில் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி உருவானதும் எடை குறைந்து பிறந்த சிசுக்களைக் காக்கத்தான். இவை அளப்பரிய பணிகள், உயிர்களைக் காத்தவை.

ஆனால் அந்தத் தராசு ஒரு கேள்வியை மட்டுமே கேட்டது: இந்தக் குழந்தை போதிய எடை கொண்டிருக்கிறதா? எடை கூடிய பிள்ளையைப் பற்றி அதற்குக் கேள்வி இல்லை. மேலும், ஆறு வயதோடு அது ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மதிய உணவு வருகிறது. 1995இல் மத்திய அரசின் திட்டமாகி, 2001 நவம்பர் 28இன் உச்ச நீதிமன்ற ஆணையால் சமைத்த உணவாக உறுதிபெற்ற அத்திட்டம், தொடக்க வகுப்பினருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலை வகுப்பினருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் வரையறுக்கிறது. எட்டாம் வகுப்போடு அதுவும் நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லையும் 14 வயதுதான். உடல் மிக விரைவாக மாறும் பருவத்தில், பசி மிகுந்து, கையில் சில்லறைக் காசு சேரத் தொடங்கும் அதே வேளையில், பொது ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் 10 முதல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு வரை சோறு உண்டு, முட்டையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2023 நவம்பரில் வாரம் ஒரு முட்டை அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அதற்கான அரசு நிதி நிறுத்தப்பட்டது. திருநெல்வேலியிலுள்ள உறவுக்காரப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலேயே உண்ணும்போது, தாராவியின் பிள்ளை இடைவேளையில் பள்ளி வாசலுக்கு வருகிறது.

3. வாசலில் விற்பது

அந்த வாசலில் விற்கும் பொருளுக்கும் காலக்கணக்கு உண்டு. தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே 1960களில் தோன்றியதாகச் சொல்லப்படும் வடாபாவ், ஆலைத் தொழிலாளி நின்றபடியே உண்டு பணிக்குச் செல்வதற்கு ஏற்ற உணவு. 1982இன் ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலையிழந்த பலருக்கு அதை விற்பதே பிழைப்பாயிற்று. 1983இல் இரண்டு நிமிட நூடுல்ஸ் வந்தது. 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின் பொரிப்பதற்கான எண்ணெய் மலிந்தது. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் என்ற சந்தை உத்தி, பிஸ்கட்டையும் வறுவலையும் கைச்சில்லறைக்குள் கொண்டுவந்தது. ஒரு ரூபாய்க்கு எத்தனை கலோரி என்று கணக்கிட்டால், கீரையும் பழமும் முட்டையும் தோற்க, எண்ணெயும் மாவும் சர்க்கரையும் வெல்லும். சத்தான உணவுக்கு ஆகும் செலவைத் தாங்க முடியாதவர்கள் இந்தியாவில் கோடிக்கணக்கானோர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு அறிக்கைகள் கூறுவது இதைத்தான்.

தாராவிக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. நகரம் தின்னும் முறுக்கு, சிவ்டா, சிக்கி போன்றவற்றில் பெரும்பகுதி அங்குள்ள சிறு கூடங்களில் உருவாகிறது. விடியுமுன் தாராவியின் தமிழ் வீடுகளில் வெந்த இட்லி, சைக்கிளில் ஏறி நகரின் தெருக்களுக்குச் செல்கிறது. அந்த இட்லியை அவிக்கும் பெண்ணின் வீட்டில் காலை உணவு பல நாள்களில் தேநீரும் பாக்கெட் பிஸ்கட்டுமே. குழாயில் நீர் வரும் நேரம், கழிப்பறை வரிசை, வேலைக்குக் கிளம்பும் நேரம் ஆகிய மூன்றுக்கும் இடையில் காய் நறுக்கிச் சமைக்க நேரம் ஒதுங்குவதில்லை. ‘வெளியே வாங்கித் தராதீர்கள்’ என்ற அறிவுரை, வீட்டில் அடுப்படியும் அதில் நிற்க ஓர் ஆளும் உண்டு என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

சட்டங்களும் இந்த அனுமானத்தோடுதான் பிறந்தன. 2016இல் கேரளம் 14.5 சதவீதக் கொழுப்பு வரி விதித்தபோது அதன் இலக்கு பெருநிறுவன உணவகங்களின் பர்கரும் பீட்சாவும்தான். பருமன் வசதியுள்ளோரின் நோய் என்ற எண்ணம் அதில் வெளிப்பட்டது. 2017இல் மகாராஷ்டிரம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களுக்குத் தடை விதித்தது. தடை செய்ய ஒரு சிற்றுண்டிச்சாலை இருக்கும் பள்ளிகளுக்கே அது பொருந்தும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் அத்தகைய பண்டங்களை விற்கக் கூடாது என்கிறது. மாட்டுங்காவில் 50 மீட்டர் என்பது ஒரு சுற்றுச்சுவரும் சாலையும். தாராவியில் 50 மீட்டருக்குள் பல வீடுகளும் கடைகளும் அங்கே படிக்கும் பிள்ளையின் தாய் வைத்திருக்கும் வடைத் தள்ளுவண்டியும் அடங்கும். 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி திருத்தப்பட்டபோது சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களின் வரி 40 சதவீதமாக நின்றது. பாக்கெட் மிக்சர், நூடுல்ஸ், பிஸ்கட் ஆகியவற்றின் வரியோ 5 சதவீதமாக இறங்கியது.

4. அளவுகோல்

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறை 1830களில் பெல்ஜிய அறிஞர் கெட்லேயிடமிருந்து வந்தது. அதற்கு ‘உடல் நிறைக் குறியீடு’ என்ற பெயரை 1972இல் ஆன்செல் கீஸ் நிலைநிறுத்தினார். வளரும் பிள்ளைகளுக்கு ஒரே எண் பொருந்தாது என்பதால் வயதுக்கேற்ற வளைகோடுகள் பின்னர் உருவாயின. உலக சுகாதார நிறுவனம் 2007இல் 5 முதல் 19 வயது வரையிலான அட்டவணையை வெளியிட்டது. இந்திய உடல்களில் குறைந்த எடையிலேயே கொழுப்பு மிகுதி என்பதை ஏற்று, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வயதுவந்தோரின் 23, 27 என்ற எல்லைகளுக்கு இணையான கோடுகளைப் பிள்ளைகளுக்கு வகுத்தது.

இந்தத் திருத்தத்தின் பின்னணியில் இரண்டு ஆய்வுகள் நினைக்கத்தக்கவை. 2004இல் புனேயின் மருத்துவர் யாக்னிக்கும் லண்டனின் மருத்துவர் யூட்கினும் தங்கள் இருவரின் படத்தையே ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, ஆனால் யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 சதவீதம். அதே ஆண்டு தில்லியிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. 1969க்கும் 1972க்கும் இடையே பிறந்தவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அளந்தபோது, சிசுப் பருவத்தில் மெலிந்திருந்து, பிறகு இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் குறியீடு வேகமாக ஏறியவர்களுக்கே இளம் வயதில் நீரிழிவு மிகுதியாக வந்தது. பன்னிரண்டு வயதில் அவர்களில் எவரும் பருமனானவராகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முக்கியச் செய்தி.

இந்தச் செய்தி யாரைப் பற்றியது என்று கேட்டால், எடை குறைந்து பிறந்து, அங்கன்வாடித் தராசில் தேறி, பள்ளிப் பருவத்தில் வடாபாவும் பிஸ்கட்டும் தின்று சதை பிடிக்கும் பிள்ளையைப் பற்றியது என்றே சொல்ல வேண்டும். பெற்றோர் கண்ணுக்கு அது மகிழ்ச்சி: ‘பிள்ளை தேறிவிட்டது.’ பசியை அறிந்த தலைமுறைக்குச் சதை என்பது நலத்தின் சான்று. அந்த மகிழ்ச்சியை அறியாமை என்று இகழ்வோர் அதன் பின்னுள்ள பசியின் வரலாற்றை அறியாதவர்கள்.

தேசிய அளவில் எண்கள் இன்னும் பழைய கதையையே சொல்வதுபோல் இருக்கும். 2016–18இன் விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். 5 சதவீதம் பேரே மிகை எடையோ பருமனோ கொண்டவர்கள். ஆனால் அதே கணக்கெடுப்பில் அவ்வயதினரில் பத்தில் ஒருவரின் ரத்தச் சர்க்கரை நீரிழிவின் வாசலில் இருந்தது. எடை மிகுந்தோரைவிடச் சர்க்கரை மிகுந்தோர் இருமடங்கு. அளவுகோலின் கண்ணுக்குத் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்னையில் 51 பள்ளிகளில் சுமார் 19,000 பிள்ளைகளை அளந்து 2014இல் வெளியான ஆய்வில், இந்திய அளவுகோலின்படி தனியார் பள்ளிகளில் 26.4 சதவீதமும் அரசுப் பள்ளிகளில் 4.6 சதவீதமும் மிகை எடை அல்லது பருமன் கொண்டிருந்தனர். இவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்டு, இது வசதியுள்ளோர் சிக்கல் என்று முடித்துக்கொள்வது எளிது. ஆனால் வரலாறு அங்கே நிற்பதில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1965இல் வெளியான ஆய்வு, மேல்தட்டுப் பெண்களில் 5 சதவீதத்தினரும் அடித்தட்டுப் பெண்களில் 30 சதவீதத்தினரும் பருமனானவர்கள் என்று காட்டியது. இங்கிலாந்தில் 2005–06 முதல் ஆண்டுதோறும் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இரண்டு வயதுப் பிரிவினர் அளக்கப்படுகின்றனர்; மிக வறிய பகுதிகளின் பருமன் விகிதம் மிகச் செழித்த பகுதிகளைப்போல் இருமடங்குக்கும் மேல். செல்வர் வீட்டில் தொடங்கும் பருமன், உணவு மலியும்போது ஏழை வீட்டுக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. செல்வர்கள் அதிலிருந்து விலகப் பணமும் நேரமும் பெற்றிருக்கின்றனர். இந்தியாவிலும் வயதுவந்த பெண்களில் மிகை எடை கொண்டோர் 2015–16இல் 20.6 சதவீதமாக இருந்து 2019–21இல் 24 சதவீதமாயினர்.

5. கையாளும் வழிகள்

எடை கூடியபின் என்ன நடக்கிறது என்பதில்தான் மூன்று பகுதிகளும் முற்றிலும் பிரிகின்றன. மாட்டுங்காவிலோ செம்பூரின் வசதியான தெருக்களிலோ வளரும் பிள்ளையின் எடை மாற்றத்தைக் குடும்ப மருத்துவர் கவனிக்கிறார். ரத்தப் பரிசோதனை நடக்கிறது. உணவியல் வல்லுநர் அட்டவணை எழுதித் தருகிறார். ஜிம்கானாவோ நீச்சல் பயிற்சியோ நடனப் பள்ளியோ சேர்கிறது. அப்பிள்ளைக்கும் துன்பம் இல்லாமல் இல்லை. பயிற்சி வகுப்புகளும் பத்தாம் வகுப்புத் தேர்வும் அதன் மாலைகளைத் தின்றுவிடுகின்றன; கேலி அதையும் காயப்படுத்துகிறது. ஆயினும் அங்கே எடை ஒரு சிக்கலாகப் பெயர் பெறுகிறது, பெயர் பெற்றதற்கு ஒரு வழி தேடப்படுகிறது.

தாராவியில் விளையாட்டு வளாகம் ஒன்று உண்டு. மித்தி ஆற்றங்கரையில் பழைய குப்பைமேட்டின் மேல் வளர்த்து 1994இல் திறக்கப்பட்ட இயற்கைப் பூங்காவும் எதிரே உண்டு. ஆனால் பல லட்சம் பேருக்கு அவை எந்த மூலைக்கு? இருக்கும் திறந்தவெளியும் பையன்களின் கிரிக்கெட்டுக்கே போகிறது. பருவமடைந்த பெண்பிள்ளைக்குத் தெருவே குறுகிவிடுகிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் நீர் பிடிப்பதும் வீட்டு வேலையும் அவள் பங்கு. அவளிடம் ‘நாளும் ஒரு மணி நேரம் ஓடு’ என்று சொல்பவர், எங்கே, எப்போது, யார் துணையோடு என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

அரசின் ஏற்பாடுகள் ஏட்டில் உள்ளன. 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைநலப் பரிசோதனைத் திட்டம் 18 வயது வரை அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. 2014இல் வளரிளம் பருவத்தினருக்கான தனித்திட்டமும் வந்தது. ஆனால் குறைந்த கட்டணத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளை நாடித் தாராவியின் குடும்பங்கள் நகர்ந்தபோது, பிள்ளைகள் மதிய உணவையும் இந்தப் பரிசோதனையையும் சேர்த்தே இழந்தனர். அரசின் தராசும் அங்கே எட்டாது. உணவியல் வல்லுநரும் அங்கே வரமாட்டார்.

இதற்கிடையில் மருந்துச் சந்தை தன் வழியில் முன்னேறுகிறது. 2025 மார்ச்சில் டிர்செப்படைட் என்னும் எடைகுறைப்பு ஊசி இந்தியாவுக்கு வயதுவந்தோருக்காக வந்தபோது, தொடக்க அளவின் மாதச் செலவு மட்டுமே சுமார் 14,000 ரூபாய். விலை நாளடைவில் குறையலாம். ஆனால் நிலத்தின், நேரத்தின், உணவின் ஏற்றத்தாழ்வை ஊசியால் சரிசெய்ய முடியாது.

6. மீண்டும் ஒரு வரைபடம்

1898இல் நகரம் ஒரு வரைபடத்தை விரித்தது. அதன் பூங்காக்கள் இன்றும் பிள்ளைகளை ஓடவிடுகின்றன. இப்போது தாராவிக்கும் ஒரு வரைபடம் விரிக்கப்படுகிறது. 2004 முதல் பேசப்பட்டு, 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்கு ஏலத்தில் சென்ற மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, தகுதி பெற்ற குடும்பங்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு கிடைக்கும். விவாதங்கள் பெரும்பாலும் யார் தகுதியுடையவர், யார் வெளியே அனுப்பப்படுவர் என்பதைச் சுற்றியே நடக்கின்றன; அவை நியாயமான விவாதங்கள். அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. அடுக்ககங்களின் காலடியில் பிள்ளைகளுக்கு எவ்வளவு நிலம் விடப்படும்? அதில் பெண்பிள்ளைகளுக்கு உரிய நேரமும் வெளிச்சமும் இருக்குமா? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறதே, அந்த மைதானம் வரைபடத்தில் எங்கே? செம்பூரின் கிழக்கு விளிம்பில் இந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே அடுக்ககங்கள் எழுந்தன. அதன் விளைவை வாஷி நாகாவிலும் மாஹுலிலும் எவரும் சென்று பார்க்கலாம்.

நிலத்துக்குக் காலம் பிடிக்கும். மற்றவை அவ்வளவு காலம் கேட்பவை அல்ல. தமிழகம் 1984இல் செய்ததுபோல் பள்ளி உணவைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டலாம். அதில் முட்டையையும் பயறையும் சேர்க்கலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் மைதானங்களை மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். வாசலில் விற்கும் பெண்ணைத் துரத்துவதற்குப் பதிலாக, சுண்டலும் இட்லியும் விற்க அவருக்கே இடமும் கடனும் தரலாம். பள்ளி எதுவாயினும், கட்டணம் எதுவாயினும், ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கு ஒருமுறை, கேலிக்கு இடமின்றித் தனியறையில் அளந்து, மெலிவையும் மிகையையும் ஒருசேரப் பெற்றோர் மொழியில் எழுதித் தரலாம்.

2025இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் பருமனானோர் 9.4 சதவீதம், எடை குறைந்தோர் 9.2 சதவீதம், முதன்முறையாக முன்னது பின்னதைத் தாண்டியிருக்கிறது. தாராவி போன்ற ஊரில் இரண்டும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலின் இரண்டு பருவங்களில் நிகழ்கின்றன. ஐம்பது ஆண்டுகளாக அந்த ஊரின் குழந்தைகளைத் தராசில் ஏற்றிய அரசுக்கு, அதே பிள்ளையைப் பதினான்கு வயதில் மீண்டும் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது இயலாத காரியம் அன்று.